ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத 12 பேர்: தனி வரிசையில் உட்கார வைத்தது தவறா?

மேற்கு மாவட்டம் ஒன்றில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் இடைநிலை ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் வகுப்பில் 2025-26ஆம் கல்வியாண்டில் 31 பேர். ஜூன் மாதம் 2ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். 12 பேர் திணறினார்கள். அவர்களை ஜன்னல் ஓரம் ஒரே வரிசையில் உட்கார வைத்து, சுவரில் ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர்ப்பட்டியல் ஒட்டி, நாள் முழுக்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஆகஸ்டில் இரண்டு தாய்மார்கள் வந்து, “எங்க புள்ளைங்கள மட்டும் ஒதுக்கி வெச்சிருக்கீங்களாமே” என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். தலைமை ஆசிரியருக்குப் பாடத்திட்டம் முடியுமா என்ற கவலை. ஆசிரியர் கூட்டத்தில் “நாலாம் வகுப்புல என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?” என்று இவர் கேட்டுவிட்டதால், 4ஆம் வகுப்பு ஆசிரியை பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அந்த 12 பேரில் ஒரு பையன் வாய்க்கணக்கில் கெட்டிக்காரன், கதையும் சொல்வான். எழுதச் சொன்னால் ஒரு வரி தேறாது. நூற்பாலைக் குடியிருப்பிலிருந்து வரும் இரு ஒடியாச் சகோதரிகளும் அதே வரிசையில்தான் இருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: நான் செய்தது சட்டப்படி சரியா? அதிகாரிகள் கேட்டால் என்ன சொல்வது? 12 பேரில் 6 பேருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, மற்ற 6 பேரை ஒப்பிட்டு ஓர் ஆய்வாக எழுதலாமா? குழந்தைகள் வாசிப்பதை ‘முன், பின்’ என்று காணொளி எடுத்து ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுக்களில் போடலாமா? முன்னேறாதவர்களை மறுபடியும் 5ஆம் வகுப்பிலேயே வைத்தால் என்ன? ஒரு தகப்பனார் மாதம் 300 ரூபாய் தருகிறேன், மாலையில் டியூஷன் எடுங்கள் என்கிறார், எடுக்கலாமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுத்ததற்காக உங்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24 ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் இடத்தில், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நீங்கள் செய்ய நினைத்தது சட்டம் கேட்பதைத்தான். செய்த விதத்தில்தான் மூன்று இடங்களில் பிசகு: பிரிவினை நாள் முழுக்க நீடிக்கிறது, சுவரில் பெயரோடு தொங்குகிறது, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதே சட்டத்தின் பிரிவு 17 உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தத் தாய்மார்கள் எழுத்தில் புகார் கொடுத்திருந்தால், சுவரில் இருக்கும் அந்தப் பட்டியல் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். நாளைக் காலை பிள்ளைகள் வருவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு மணி நேரம் போதும், ஆனால் மூன்று ஆசிரியர்களும் வேண்டும்

வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பிப்பது நம் நாட்டில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்ட விஷயம். மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில், அந்தந்தப் பகுதிப் பெண்கள் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பலன் பெரும்பாலும் கடைசியில் இருந்த பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்ததைக் காட்டியது. அதற்குப் பிறகு நடந்தவை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவை. இதே முறையை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனபோது, பிகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கையேடும் கொடுத்ததோடு விட்ட இடங்களில் வாசிப்பு நகரவே இல்லை. பயிற்சி முடித்துத் திரும்பிய ஆசிரியர்கள் வழக்கமான பாடத்துக்கே போய்விட்டார்கள். அதற்கென்று தனி நேரம் யாரும் ஒதுக்கித் தரவில்லை. ஹரியாணாவில் கால அட்டவணையிலேயே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து நிலைவாரியாகப் பிரித்து, மேற்பார்வையாளர்களையும் பள்ளிக்கு அனுப்பினார்கள். மொழிப்பாடத்தில் அங்கே முன்னேற்றம் தெரிந்தது, கணக்கில் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் கற்பித்தவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான். தனி நேரமும் மேற்பார்வையும்தான் வேறு.

எனவே பிள்ளைகளைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரியுங்கள். மற்ற பாடவேளைகளில் 31 பேரும் கலந்தே உட்காரட்டும். தினமும் 60 நிமிடம் மட்டும் 3, 4, 5 மூன்று வகுப்புகளும் கலையட்டும். 3ஆம் வகுப்பில் 28 பேர், 4ஆம் வகுப்பில் 25 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய 31 பேரையும் சேர்த்தால் 84. எழுத்து நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 20, சொல் நிலையில் 28, பத்தி வாசிப்பவர்கள் 36 என்று வருமானால், சிறிய குழுவை மிகவும் அனுபவமுள்ள ஆசிரியர் எடுக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் நேர்மாறாக நடக்கிறது: கடைசிக் குழு தற்காலிக ஆசிரியர் கையில் போகிறது, மூத்த ஆசிரியர் நன்றாக வாசிப்பவர்களோடு இருந்துகொள்கிறார். 36 பேர் கொண்ட குழுவைச் சமாளிப்பது எளிது, அவர்களால் நான்கைந்து பேராகச் சேர்ந்து தாங்களே வாசித்து எழுத முடியும்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் உங்களுக்குப் பழக்கமானவையே. அங்கே ஒரே வகுப்பறையில் ஒரே ஆசிரியர் மூன்று நிலைகளையும் சுமக்கிறார். நான் சொல்வது அந்தச் சுமையை மூன்று பேர் பகிர்ந்துகொள்வதை.

எந்த ஒரு மணி நேரம் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். காலை முதல் பாடவேளை என்று பலரும் வைப்பார்கள். உங்கள் கடிதப்படி 12 பேரில் மூவர் அடிக்கடித் தாமதமாக வருகிறார்கள். முதல் மணியில் வைத்தால், யாருக்காக இத்தனையும் செய்கிறீர்களோ அவர்களே தவறவிடுவார்கள். 11 மணிக்கு வையுங்கள். அந்த நேரத்தில் எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு, வங்கிக் கணக்கு விவரம், பொருள் விநியோகம் எதுவும் கிடையாது என்று தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாக அல்ல, கால அட்டவணையில் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். 30 பள்ளி வேலை நாள் முடிந்ததும் மறுபடி சோதித்து, ஏறியவர்களை அன்றே அடுத்த அறைக்கு அனுப்புங்கள். குழு மாறாமல் கிடந்தால் அது மூன்றே மாதத்தில் பிள்ளையின் அடையாளமாகிவிடும்.

எங்கே தடுக்கிறது என்று பார்ப்பது

உங்கள் ஜூன் சோதனையில் ஒரு குறை. பாடநூல் பத்தி பிள்ளைகளுக்கு மனப்பாடம். ‘வாசித்த’ 19 பேரிலும் சிலர் ஒப்பித்திருக்கக்கூடும். புத்தகத்தில் இல்லாத பத்தியை நீங்களே எழுதுங்கள். ஒரு தாளில் 10 எழுத்துகள், 10 சிறு சொற்கள், நான்கு எளிய வாக்கியங்கள், எட்டு வாக்கியக் கதை ஒன்று. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் வாசிக்க வையுங்கள். ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, நான்கு சரியாக வந்தால் அந்த நிலை தேறியதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் உங்கள் வகுப்புக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். மூன்று நாளில் பிரித்துச் செய்யலாம். சந்தேகம் வந்தால் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி விரல் வைத்துக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கே நின்றுவிடும்.

மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் பிழையை அப்படியே எழுதி வையுங்கள். தமிழில் பிள்ளைகள் தடுக்கும் இடங்கள் சிலவே, அவை திரும்பத் திரும்ப வரும். ‘கொடி’யை ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு, எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்கும் ஒகர வரிசை பிடிபடவில்லை. இடப்பக்கக் கொம்பைப் பார்த்தவன் வலப்பக்கக் காலைப் பார்க்கவில்லை. ‘குடை’, ‘கூடை’ இரண்டையும் ஒன்றாக வாசித்தால் உகர, ஊகார வரிசை. இது பலருக்கும் கடினம், ஏனென்றால் கு, சு, து, மு என்று ஒவ்வொரு எழுத்திலும் குறியின் வடிவம் மாறுகிறது. ஆகார வரிசையைப் போல ஒரே காலைப் போட்டு முடித்துவிட முடியாது. ‘மழை’யை ‘மளை’ என்று சொன்னால் முதல் கட்டத்தில் அதைப் பிழையாக எண்ணாதீர்கள். அது ஊர் உச்சரிப்பு, எழுத்தை அவன் அடையாளம் கண்டுவிட்டான்.

எழுத்தும் சொல்லும் தெரிந்து வாக்கியத்தில் நிற்பவர்கள் வேறு ரகம். ‘போய்க்கொண்டிருந்தாள்’ என்ற ஒரே சொல் அவர்களுக்கு மலை. வீட்டில் அவர்கள் கேட்பது ‘போய்ட்டிருந்தா’. இவர்களுக்கு மறுபடி அ, ஆ எழுத வைப்பதில் பயன் இல்லை. நீங்கள் முதலில் உரக்க வாசியுங்கள், பிறகு சேர்ந்து வாசியுங்கள், பிறகு இருவர் இருவராக, கடைசியில் தனியாக. நீண்ட சொல்லைப் பென்சில் கோட்டால் போய்க்/கொண்/டிருந்/தாள் என்று பிரித்துக் கொடுங்கள். எழுத்து நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரிசை: முதலில் கா, மா, பா, வா, உடனே காகம், மாமா, பால், வால். அட்டையில் படித்ததை அதே மணி நேரத்தில் சொல்லில் பார்க்காவிட்டால் மறுநாள் நிற்காது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அழகாகப் பார்த்தெழுதும். நோட்டைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுவோம்.

இன்னொன்று. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் ஆங்கில அளவுகோலைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. போன மாதத்து அவனோடு இந்த மாதத்து அவனை ஒப்பிட்டால் போதும்.

கணக்கிலும் இதே வழிதான். 63இலிருந்து 28ஐக் கழித்து 45 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறான். ஆறு பத்துக் கட்டும் மூன்று தனிக் குச்சியும் கையில் கொடுத்து 28 கேளுங்கள். ஒரு கட்டை அவனே அவிழ்ப்பான்.

ஆய்வாக எழுதுவது பற்றி

6 பேருக்குக் கொடுத்து 6 பேருக்குக் கொடுக்காமல் விடுவது வேண்டவே வேண்டாம். ஆராய்ச்சி என்றால் ஒரு தரப்புக்கு உதவியை மறுப்பது என்று நினைத்திருக்கிறீர்கள். பால்சகி ஆய்விலேயே ஒரு பாதிப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கும், மறு பாதியில் வேறொரு வகுப்புக்கும் உதவியாளரைக் கொடுத்துத்தான் ஒப்பிட்டார்கள். எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு விடப்படவில்லை. தவிர, ஆறு ஆறு பேரை ஒப்பிட்டு எதையும் நிரூபிக்கவும் முடியாது. ஒரு பிள்ளை பத்து நாள் ஊருக்குப் போனால் உங்கள் சராசரியே மாறிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது செயலாராய்ச்சி, அதாவது உங்கள் வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து விளைவைப் பதிவு செய்வது. அதற்குக் கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். ‘வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’ என்பது பெரிது. ‘ஒகர, ஓகாரச் சொற்களைத் தினமும் 15 நிமிடம் அட்டையோடு பயிற்சி செய்தால், 30 நாளில் எத்தனை பிழை குறைகிறது?’ என்பதற்கு உங்களால் பதில் கண்டுபிடிக்க முடியும். தொடங்குமுன் இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில் சோதியுங்கள். காய்ச்சலோடு வந்த நாளில் குறைவாக வாசித்தவன் அடுத்த முறை தானாகவே கூடுதலாக வாசிப்பான். அதைப் பயிற்சியின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் வருகை நாட்களையும் பக்கத்திலேயே குறியுங்கள். முன்னேறாதவர் பட்டியலையும் வருகையையும் சேர்த்துப் பார்த்தால் சில பெயர்கள் வாசிப்புச் சிக்கலிலிருந்து வருகைச் சிக்கலுக்கு மாறும், அங்கே மருந்து வேறு. முன்னேறாதவர்களையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்கள் செயலாராய்ச்சியில் வழிகாட்டுவார்கள், தொடங்குவதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

காணொளி வேண்டாம். திக்கித் திக்கி வாசிக்கும் ஒரு பையனின் முகம் வாட்ஸ்ஆப்பில் ஏறிவிட்டால், அவன் பத்தாம் வகுப்பு முடிக்கும்போதும் யாரோ ஒருவரின் கைப்பேசியில் இருக்கும். 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை எதிர்பார்க்கிறது. குரலைப் பதிவு செய்ய வேண்டுமானால் பெற்றோரிடம் எதற்கு என்று சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பெயருக்குப் பதில் எண் போடுங்கள், பிழைகளைக் குறித்ததும் அழித்துவிடுங்கள்.

நான்காம் வகுப்பு ஆசிரியையிடம்

ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்வி நியாயமாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். கணக்கைக் கொஞ்சம் பின்னால் போட்டுப் பாருங்கள். இந்த ஆண்டு 5ஆம் வகுப்பில் இருப்பவர்கள் 2021-22இல் 1ஆம் வகுப்பு. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 1 முதல் 8 வரையான வகுப்புகள் திறந்ததே நவம்பர் 1 அன்று. ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். எழுத்து கூட்டக் கற்க வேண்டிய ஆண்டு இந்தப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களாகச் சுருங்கியது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்ததாகவும் தமிழகக் கிராமப்புறங்களில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு காட்டியது. மீளாத பங்கைச் சுமந்துகொண்டு சில பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்பில் இருக்கலாம். அதை 4ஆம் வகுப்பு ஆசிரியை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அவரிடம் போய், “அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது டீச்சர். இந்த நாலு நோட்டையும் ஒரு தடவ பாருங்க, இதுங்கள ஒரு வருஷம் வெச்சிருந்தவங்க நீங்க, உங்களுக்குத்தான் தெரியும்” என்று கேளுங்கள். அது உபசார வார்த்தை அல்ல. எந்தப் பிள்ளை எந்த மாதம் பள்ளிக்கு வரவில்லை, யார் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் உண்மையிலேயே அவருக்குத்தான் தெரியும்.

பிறகு வாரம் ஒரு நாள், 40 நிமிடம், மூன்று ஆசிரியர்களும் உட்காருங்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் பாட ஆய்வு முறையிலிருந்து ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: மூவரும் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்ற இருவரும் ஆசிரியரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். எந்த அட்டையில் கை நின்றது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்கள், யார் வாயே திறக்கவில்லை. பேசும்போது ‘நீங்க இப்படிச் செஞ்சிருக்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ‘அந்தப் பொண்ணு இங்க நின்னா’ என்பது மட்டும். முதல் பாடத்தை நீங்கள் நடத்துங்கள். கேள்வி கேட்டவர் நீங்கள், முதலில் உங்கள் வகுப்பைத் திறந்து வைப்பதுதான் முறை. இரண்டு மூன்று வாரத்தில் இது ‘நேரமில்லை’ என்று நின்றுபோகும் ஆபத்து உண்டு. பொதுவாக நின்றுபோவது, யாராவது அதற்கு ஒரு பதிவேடும் புகைப்படமும் கேட்கத் தொடங்கும்போது. அரைப் பக்கக் குறிப்புக்கு மேல் எழுதாதீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தக் குறிப்பை எடுத்துப் போங்கள்.

கதை சொல்லும் பையன்

கற்றல் குறைபாடு என்று நீங்கள் முடிவு கட்டியே எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் வரிசை இது: முதலில் கண், காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அவனைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். கண்ணாடி தேவையென்றால் அரசே இலவசமாகத் தருகிறது. அடுத்து, மேலே சொன்னபடி ஆறு வாரம் ஒழுங்கான பயிற்சி. முறையாகக் கற்பிக்கப்படாததும் கற்றல் குறைபாடும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பிறகும் அதே பிழைகள் அதே இடத்தில் நின்றால்தான் சந்தேகம் வலுக்கும். அவன் நோட்டின் பக்கங்களையும் உங்கள் பிழைக் குறிப்பையும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (டிஸ்லெக்ஸியா போன்றவை) என்பதைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைச் சீக்கிரம் கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிப்பதைப் பள்ளிகளின் பொறுப்பாகவும் பிரிவு 16 சொல்கிறது. மதிப்பீடு தமிழில் நடக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்தால் வரும் முடிவை நம்ப முடியாது.

பெற்றோரிடம் குறைபாட்டின் பெயரைச் சொல்லாதீர்கள், அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். “நல்லாப் பேசுறான், கணக்கு வாயில வருது, எழுதறதுல மட்டும் எங்கயோ தடுக்குது, ஒரு தடவ காட்டிப் பாத்துருவோம்” என்று தொடங்குங்கள். பிற்காலத்தில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் வகுப்பறையில் உதவி செய்யச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவியல் பதிலை வாயால் சொல்லட்டும், நீங்கள் மதிப்பெண் போடுங்கள். அவன் சொல்லும் கதையை நீங்கள் எழுதி, அதையே அவனுக்கு வாசிக்கக் கொடுங்கள். அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் மற்ற எந்தப் பத்தியையும் விட அது அவனுக்கு எளிது.

அந்தத் தாய்மார்களின் கோபம்

அதை வெறும் சத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 12 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே குடியிருப்பென்றால், உங்கள் மனதில் சாதி இல்லாமலே உங்கள் ஜன்னல் வரிசை சாதி வரிசையாகத் தெரிந்திருக்கும். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 6, 7ஆம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துச் செய்த சோதனையில், சாதியை யாரும் சொல்லாதபோது ஆதிக்க சாதி, ஒடுக்கப்பட்ட சாதி என இரு தரப்புப் பையன்களும் ஒரே அளவில் செய்தார்கள். எல்லார் முன்னிலையிலும் சாதியைச் சொன்னதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் திறன் சட்டென்று இறங்கியது. நாங்குநேரிச் சாதி வன்முறைச் சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையும் மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. உங்கள் வகுப்பில் அதையே செய்துவிடலாம். 60 நிமிடக் குழுக்களுக்குப் பழத்தின் பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். ‘கீழ் அறை’, ‘மர நிழல்’ என்று இடத்தின் பெயரே போதும்.

அந்த இரண்டு தாய்மார்களையும் தனித்தனியாக அழைத்து, பிள்ளை ஜூனில் வாசித்ததையும் இப்போது வாசிப்பதையும் நேரில் கேட்க வையுங்கள். பட்டியலை எடுத்துவிட்டதைச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. புதிய ஏற்பாட்டை அந்தக் கூட்டத்தில் வைத்து, பெயர்கள் இல்லாமல், எண்ணிக்கையோடு தீர்மானமாக எழுதிவிட்டால் தலைமை ஆசிரியருக்கும் தைரியம் வரும்.

மறுபடி 5ஆம் வகுப்பிலேயே வைப்பது தமிழ்நாட்டில் கிடையாது. 2019இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. இங்கே அறிவிக்கப்பட்ட 5, 8ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஒரு வருடம் எது பலிக்கவில்லையோ அதையே இன்னொரு வருடம் கொடுப்பதால் எழுத்து கூட்ட வந்துவிடாது. 300 ரூபாய் டியூஷனும் முடியாது. கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28 ஆசிரியர் தனிப்பயிற்சி எடுப்பதைத் தடுக்கிறது. அந்தத் தகப்பனாரிடம் காசுக்குப் பதிலாக, இரவில் பத்து நிமிடம் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கும்படி சொல்லுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கலாம். ஊரில் இல்லம் தேடிக் கல்வி மையம் இப்போதும் நடந்தால் அந்தத் தன்னார்வலரிடம் உங்கள் பிழைக் குறிப்பைக் கொடுத்து வையுங்கள்.

ஒடியாச் சகோதரிகள்

இவர்களை எழுத்து தெரியாதவர்கள் கணக்கில் சேர்த்ததுதான் உங்கள் பட்டியலின் பெரிய பிழை. ஒடியாவில் வாசிக்கத் தெரியுமா என்று முதலில் பாருங்கள். ஒடியாப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் காட்டினாலே தெரிந்துவிடும். தெரியுமென்றால், மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்து உயிர்மெய்யாகும் என்பது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். புதிதாக வேண்டியது எழுத்து வடிவங்களும், ஒடியாவில் தனித்தனி எழுத்தாக இருக்கும் ஒலிகளைத் தமிழில் ஒரே ‘க’ சுமக்கிறது என்ற பழக்கமும். இதற்குச் சில வாரங்கள் போதும். பேச்சுத்தமிழ்தான் முதலில்: ‘எனக்குத் தண்ணி வேணும்’, ‘புரியல’, ‘மறுபடி சொல்லுங்க’ என்று தினமும் ஐந்து வாக்கியம், பேச்சுக்காரியான ஒரு தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்து. கணக்கை எண்களால் மட்டும் சோதியுங்கள். வகுப்பில் முன்வரிசைக்கு வந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆலை மாறினால் குடும்பம் இடம் மாறும், அதுவும் நடுவாண்டில். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5 அனுமதிப்பதில்லை. வயதுச் சான்று இல்லையென்று மறுக்கவும் பிரிவு 14 இடம் தரவில்லை. இதை அந்தத் தாயிடம் இப்போதே சொல்லி, எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் தற்போது எந்த நிலையில் வாசிக்கிறார்கள் என்று இரண்டு வரி அதே தாளில் இருந்தால், அடுத்த பள்ளி ஆசிரியர் ஜூன் மாதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

அதிகாரி கேட்டால் காட்ட, ஒரே பக்கம் தயார் செய்யுங்கள்: எந்த நாள் முதல், எந்த ஒரு மணி நேரம், எந்த ஆசிரியரிடம் எத்தனை பேர், அடுத்த சோதனைத் தேதி, பிரிவு 24இன் கீழ் கூடுதல் கற்பித்தல் என்ற வரி. தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே போகட்டும். பாடத்திட்டம் பற்றிக் கேட்டால், மீதமுள்ள பாடவேளைகளில் அது எந்தப் பாடம் வரை வந்திருக்கிறது என்பதையும் அதே பக்கத்தின் அடியில் எழுதி வையுங்கள்.